காற்று விழுந்த பிறகு

ஆனி ஆடியில் ஒரு பத்தி படிக்க விடாது
பணகுடிக் காற்று.
நூற்றுப் பன்னிரண்டு காற்றாலைகள் திரையில் பச்சையாக ஓடும்.
ஒன்று சிவந்தால் போன், இரண்டு சிவந்தால் ஜீப்.
புரட்டாசி கழிய, இறக்கைகள் நின்றன.
கட்டுப்பாட்டு அறையில் நானும் ஒரு மின்விசிறியும்
(அது மட்டும் சுற்றுகிறது)
கேட் தேர்வுக்கு இன்னும் நாற்பத்தொரு நாளும்.

கணக்கில் தொண்ணூற்றாறு பெர்சென்டைல்.
அதை யாரும் கேட்பதில்லை.
ஆங்கிலத்தில் முப்பத்து நான்கு.
அதாவது நூறு பேர் வரிசையில் நின்றால்
எனக்குப் பின்னால் முப்பத்து நாலு பேர்,
முன்னால்
இஸ்திரி போட்ட முதுகுகளாக மற்ற எல்லாரும்.

வள்ளியூரில் தமிழ் வழியில் பன்னிரண்டு வருஷம்.
அதற்காக மொழி தெரியாது என்றில்லை.
மேலாளருக்கு மெயில் எழுதுகிறேன்,
டென்மார்க்காரனோடு கியர்பாக்ஸ் பற்றிச் சண்டை போட்டு
ஜெயித்திருக்கிறேன்.
ஆனால் டர்பைன் கையேட்டில் யாரும் நையாண்டி செய்வதில்லை.
போல்ட்டை இறுக்கு என்றால்
இறுக்கத்தான்.

தேர்வில் வருகிற ஆள் வேறு மாதிரி.
பவளப்பாறை பற்றி, மீன் வரி பற்றி, செத்துப்போன ஓர் ஓவியன் பற்றி
ஒரு பக்கம் பேசிவிட்டுப் போய்விடுவான்.
கடைசியில் என்னைக் கேட்பார்கள்: அவன் தொனி என்ன?
அ, பாராட்டு. ஆ, ஐயம். இ, அலுப்பு. ஈ, அடக்கிய எள்ளல்.
பாராட்டு என்று போட்டேன்.
'மிகச் சிறப்பான திட்டம்' என்றுதானே எழுதியிருந்தான், படுபாவி.

அன்று மத்தியானம் பழவூர் சைட்டிலிருந்து தளவாய் அழைத்தார்.
தப்பான ஃபீடரை அணைத்திருக்கிறேன்.
'ஆகா, ரொம்ப நல்ல காரியம் பண்ணிட்டிய மேடம்.
நாங்க டவர் நெழல்ல படுத்து ஒறங்குதோம்,
நீங்க மெதுவா ஆன் பண்ணுங்க.'
காது சுட்டது.
இதற்கு எனக்கு நான்கு விடைகள் வேண்டியிருக்கவில்லை.

போனை வைத்துவிட்டு அந்தப் பத்தியை எடுத்து
தளவாய் குரலில் வாசித்தேன், சத்தமாக.
மிகச் சிறப்பான திட்டம்.
பவளப்பாறைக்காரன் முதல் வரியிலிருந்தே
மந்திரியை வாரிக்கொண்டிருந்திருக்கிறான்!

எல்லாவற்றுக்கும் தளவாய் போதவில்லை.
நம் வாக்கியத்தில்,
நாங்குநேரியில் ஏறி, ஒற்றைக்காலில் நின்று,
மூன்றடைப்பில் யாருடைய கூடைக் கருவாடோ தோளில் சரிய,
சில்லறைக்குச் சண்டை போட்டு,
வேய்ந்தான்குளத்துப் பஸ் ஸ்டாண்டில்தான்
இறங்குவேன்.
அதுவரை வினை வராது. வராமலும் போகாது.
ஆங்கிலத்திலும் அப்படியே காத்திருந்தேன் இத்தனை நாள்.
அவனோ இரண்டாம் சொல்லிலேயே இறங்கிவிட்டு
எங்கே எதனால் யாரோடு என்று
நிதானமாகச் சொல்லிக்கொண்டே நடக்கிறான்.
நான் காலிப் பேருந்தில், கடைசி நிறுத்தம் வரை.

கலைந்த வாக்கியங்களை அடுக்குவதற்கு
ஒரு வழி கண்டுபிடித்தேன்:
'எ' போட்டு வந்தால் முதல்முறை வருகிற மாப்பிள்ளை வீட்டார்,
'தி' போட்டால் ஏற்கெனவே காபி குடித்துப் போனவர்கள்.
எங்கள் வீட்டில் 'எ' ஆறு.
'தி' இன்னும் இல்லை.

ஐம்பத்தொன்று. பிறகு நாற்பத்தேழு.
ஓவியன் மட்டும் யார் குரலிலும் பிடிபடவில்லை,
அவனை விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போகப் பழகினேன்.
அறுபத்து மூன்று.
வெளியே ஐப்பசி மழை.
ஏழாம் எண் இறக்கை மட்டும், எந்தக் காற்றுக்கோ, அரைச் சுற்று.

தேர்வு நாளுக்கு விடுப்புக் கேட்டேன்.
மேலாளர் ஆங்கிலத்தில் ஒரே வரி அனுப்பினார்:
உங்கள் சின்னச் சாகசத்துக்கு வாழ்த்துகள்.

சின்ன.

ஈ.

நானும் ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதினேன்:
மிகச் சிறப்பான வாழ்த்து, சார்.
விடைகள் எதுவும் கொடுக்கவில்லை.